நடு உறுப்பு

காலையில் பன்னிரண்டு, மதியம் பன்னிரண்டு.
கோரிப்பாளையத்தில் ஒரு பள்ளிக்கூட மாடி.
ஏப்ரல் வெயில் மின்விசிறியை மீறி வந்து
எங்கள் மேசையில்
ஏழாவது ஆளாக உட்கார்ந்திருந்தது.

பதினோராம் வகுப்பு, இயற்பியல்.
பெயர் கிழித்த தாள்கள்.
ஒன்பதாவதில் அந்தக் கேள்வி:
இணை அச்சுத் தேற்றத்தைக் கூறி நிரூபி.
கூற்றுக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று,
விரிவாக்கத்துக்கு இரண்டு, முடிவுக்கு ஒன்று.
கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற வேகத்தில்
என் சிவப்புப் பேனா போகும்.

படம் சரி. உருளைக்கிழங்கு மாதிரி ஒரு பொருள்,
செங்குத்தாய் இரண்டு கோடு, இடையில் டி.
ஒரு துகளுக்குப் பழைய தூரம் எக்ஸ்;
அச்சைத் தள்ளி வைத்தால் எக்ஸோடு டி.
வர்க்கம் எடு, நிறையால் பெருக்கு, கூட்டு.
மூன்று உறுப்பு வந்து நிற்கும்.
ஓரத்தில், தன் மையத்தைச் சுற்றும்போது இருந்த அதே திருப்புத்திறன்.
மறு ஓரத்தில், மொத்த நிறை, தூரத்தின் வர்க்கம்.
நடுவில் ஒன்று.

அந்த நடு உறுப்பை
பதினான்கு வருஷமாக உசிலம்பட்டியில்
ஒரு சாய்கோட்டில் அடித்திருக்கிறேன்.
"வலப்பக்கம் நேர்க்குறி, இடப்பக்கம் எதிர்க்குறி, போயிரும்,"
கையில் ஒட்டிய சாக்பீஸைத் தட்டிக்கொண்டே.

இந்தப் பிள்ளை அடிக்கவில்லை.
அம்புக்குறி போட்டு எழுதியிருந்தது:

நேரும் எதிரும் இருந்தால் மட்டும் சுழி வராது.
எங்கள் கடையிலும் வரவு உண்டு, கடன் உண்டு,
கூட்டினால் சுழி வந்ததே இல்லை.
பொருளுக்குள் எங்கே அச்சை வைத்தாலும்
இரண்டு பக்கமும் துகள் இருக்கத்தான் செய்யும்.
ஓரிடத்தில்தான் சரிக்குச் சரியாகத் தீரும்.
அந்த இடத்துக்குத்தான் நிறை மையம் என்று பேர்.
சுழி தானாக வரவில்லை.
நாம் அங்கே போய் நின்றதால் வந்தது.

அதோடு விடவில்லை. அரைப் பக்கம்:
இரண்டு அச்சில் ஒன்றாவது
மையம் வழியே போகாவிட்டால்
நடு உறுப்பு சாகாது, தேற்றமும் நிற்காது.
பிறகு "ஆகவே" என்று ஒரு சொல்.
மணி அடித்திருக்க வேண்டும்.

அடிஸ்கேலின் ஒரு நுனியில்
சிவப்புப் பேனாவை ரப்பர் பேண்டால் கட்டினேன்.
ஆள்காட்டி விரலில் வைத்தேன். விழுந்தது.
நகர்த்தினேன். விழுந்தது.
"என்ன டீச்சர், தராசு பிடிக்கிறீங்க?"
மேலூர் பர்வீன் டீச்சர் கேட்டார்.
பத்தொன்பதாவது சென்டிமீட்டரில் நின்றது.
ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் கனம்.
நின்றது.
என்னால் பேச முடியவில்லை, பேசினால் விழும்.

சவரிமுத்து சார் பச்சைப் பேனாவோடு வந்தார்.
"முடிவுச் சமன்பாடு எங்கம்மா?"
"இல்ல சார். ஆனா..."
"ஆனாவுக்குக் கீயில மார்க் கிடையாது."

நாலு போட்டேன்.
பத்தாவது தாளில்
நடு உறுப்பின் மேல் ஒரு சாய்கோடு,
ஓரத்தில் சுழி, கடைசி வரிக்குக் கட்டம்.
ஐந்து போட்டேன்.
அந்தச் சாய்கோடு என்னுடையது மாதிரியே இருந்தது.

ஆரப்பாளையத்தில் உட்கார இடம் இல்லை.
தாள் எந்த மாவட்டத்தில் இருந்து வந்ததோ,
மளிகையோ, டீயோ, சைக்கிள் கடையோ, தெரியாது.
இருந்தும் கம்பியைப் பிடித்துக் குனிந்தபடி
காளவாசல், நாகமலை, செக்கானூரணி வரை
விளக்குப் போட்ட ஒவ்வொரு கடையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்,
கல்லாவில் யாராவது
கடன் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு
கூட்டுகிறார்களா என்று.